காசிமேட்டிலிருந்து வள்ளுவர் கோட்டம்: குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் காசிமேடு. வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பெரியவள் ஏழாவது, சின்னவன் மூன்றாவது படிக்கிறார்கள், கூட என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா. காலாண்டு லீவில் ஐந்து பேருமாக வள்ளுவர் கோட்டம் போய் வந்தோம். அன்றிலிருந்து பள்ளிக்கூட வாசலில், ரேஷன் கடை வரிசையில், குழாயடியில் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கு?

ஒரு கல் தேர், ஒரு பெரிய அரங்கம், அரங்கத்தைச் சுற்றி 1330 குறளையும் கல்லில் வெட்டி வைத்த மாடம், அதற்கும் மேலே ஒரு மொட்டைமாடி. அவ்வளவுதான். சொன்னால் சின்னதாகத் தெரியும், நேரில் போனால் தெரியாது.

தேர் 39 மீட்டர் உயரம், அடிக் கணக்கில் 128. முன்னால் இரண்டு கல் யானைகள் அதை இழுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். தேருக்குள் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். அரங்கம் கட்டியபோது 4000 பேர் உட்காரலாம் என்ற கணக்கில் கட்டியது. குறள் இருக்கிற இடத்துக்குக் குறள் மணிமாடம் என்று பெயர். மொட்டைமாடிக்கு வேயாமாடம் என்று பெயர், அதாவது கூரை வேயாத மாடம். மொட்டைமாடிக்கு இப்படி ஒரு பேர் வைக்கத் தோன்றியதே, அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அந்த இடம் பிடித்துப் போனது.

வள்ளுவர் கோட்டம்னா ஆர்ப்பாட்டம் நடக்கிற இடம்தானே? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

டிவி செய்தியில் அந்தப் பெயரை அப்படித்தான் கேட்டிருக்கிறோம். ஆர்ப்பாட்டம் நடப்பது வெளியே, ரோட்டு ஓரத்தில். உள்ளே அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஏதாவது கட்சியோ சங்கமோ அன்றைக்குக் கூடுகிறது என்று செய்தியில் கேட்டால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், போக்குவரத்து நெரிசலில் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, பல பேர் அது மூடிக் கிடப்பதாகவே இன்னும் நினைக்கிறார்கள். சில வருடம் மூடித்தான் கிடந்தது. 80 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்து 2025 ஜூன் 21 அன்று திறந்துவிட்டார்கள்.

வடசென்னையிலிருந்து எப்படிப் போவது?

நாங்கள் ரயிலில் போனோம். ராயபுரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் போகிற வண்டியில் மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கினோம். பீச்சிலிருந்து அது ஐந்தாவது ஸ்டாப்: கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, அப்புறம் நுங்கம்பாக்கம். ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே பழைய ஸ்டேஷன் நம்முடையது என்று பெரியவளுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன், தினமும் அந்தப் பாலத்துக்குக் கீழேதான் நடக்கிறாள்.

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள் சென்ட்ரலில் இறங்கி சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம், அங்கிருந்து அதே தாம்பரம் வண்டி. திருவொற்றியூர், விம்கோ நகர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ வசதி. சென்ட்ரலில் லைன் மாறி எழும்பூரில் இறங்கி, அங்கே மின்சார ரயில் பிடித்தால் இரண்டே ஸ்டாப்.

நுங்கம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எங்களுக்கு ஆயா இருந்ததால் ஆட்டோ பிடித்தோம். கோடம்பாக்கம் நெடுஞ்சாலை வழியாகப் பஸ்ஸும் உண்டு, சாதாரணக் கட்டணப் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ்ஸில் போனால் இன்னொரு லாபம், டிரைவருக்குப் பின்னால் எழுதியிருக்கும் குறளைப் படித்துக்கொண்டே போகலாம்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

காலையில் சீக்கிரம் அல்லது நாலு மணிக்கு மேல். வேயாமாடம் வெட்டவெளி, வெயில் ஏறிவிட்டால் கல் சுடும். ஞாயிற்றுக்கிழமை நம் பக்கம் விடியக்காலையே மீன் மார்க்கெட் ஓட்டம் என்பதால் ஞாயிறு நமக்கு ஒத்துவராது, சனிக்கிழமை பாருங்கள்.

படகுக்காரர்கள் வீடு என்றால் தடைக்காலம்தான் சரி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதில் மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. கையில் காசு குறைவாக இருக்கிற மாதம்தான், ஆனால் இது பெரிய செலவு வைக்கிற இடம் இல்லை, அப்பா வீட்டில் இருக்கிற மாதம் வேறு கிடைக்காது. தை 2-ம் தேதி திருவள்ளுவர் தினம், அன்றைக்குப் போக ஆசை இருந்தால் போங்கள், கூட்டத்துக்குத் தயாராக இருங்கள்.

1330 குறளையும் படிக்கணுமா? யாரால முடியும்?

வேண்டாம், தயவுசெய்து முயற்சி கூடப் பண்ணாதீர்கள். எங்கள் பெரியவள் முதல் குறளிலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று ஆரம்பித்து, இரண்டாவது அதிகாரம் முடிவதற்குள் உட்கார இடம் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்வது இதுதான், ஆளுக்கு ஒரு குறள். அதிகம் போனால் இரண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவரவர் குறளின் எண்ணைத் தெரிந்துகொண்டு வரவேண்டும், அங்கே போய் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி என்று ஐந்து மார்க்குக்குப் பார்த்த ஒன்று, தேடி அலைந்த பிறகு கண்ணுக்கு நேரே கல்லில் நிற்கும்போது பிள்ளைகள் முகம் மாறுகிறது. அதைப் பார்க்கத்தான் நான் போகச் சொல்கிறேன்.

எண்ணை எப்படி எடுப்பது? வீட்டுக் கதவு எண், வகுப்பில் ரோல் நம்பர், எது வேண்டுமானாலும். சின்னவனுக்கு ரோல் நம்பர் 12. அது என்ன குறள் தெரியுமா?

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

துப்பாக்கி என்ற இடத்தில் அவன் நின்றுவிட்டான். "வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்துச்சாம்மா?" இல்லைப்பா, துப்பு என்றால் உணவு, சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டை விளைவித்து ஆக்கித் தந்து, தானும் குடிதண்ணீராக ஆவது மழை என்று சொன்னேன். அதற்கப்புறம் அந்த இரண்டு வரியை நாக்கு சுற்றாமல் யார் வேகமாகச் சொல்வது என்று அக்காவும் தம்பியும் போட்டி போட்டதில் அரை மணி நேரம் போனது.

அதிகாரத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்தம் 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்துக் குறள். எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு ஒன்று கூட்டுங்கள். 64-வது குறள் என்றால் 6 கூட்டல் 1, ஏழாவது அதிகாரம். கடைசியில் சைபர் இருந்தால் மட்டும் கூட்ட வேண்டாம், 100-வது குறள் பத்தாவது அதிகாரம். அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70, காமத்துப்பால் 25. அதனால் பொருட்பால் 381-லும் காமத்துப்பால் 1081-லும் ஆரம்பிக்கும். மூன்றாவது படிக்கிற பிள்ளையே இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

எந்தக் குறளைத் தேடலாம், நீங்களே ரெண்டு சொல்லுங்களேன்?

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது 496, 667. இரண்டிலும் தேர் வருகிறது. வெளியே தேரைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்க வேண்டும்.

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து.

வலுவான சக்கரம் உள்ள பெரிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடுகிற கப்பல் தரையில் ஓடாது. அதிகாரம் இடனறிதல், ஐம்பதாவது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்களுக்குத் துணையாக வந்த மாதிரிதான் நடந்துகொண்டிருந்தார். ஏழாவதோடு படிப்பை விட்டவர், குறள் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இருப்பவர். இந்தக் குறளைப் பெரியவள் படித்துக் காட்டியதும், நாவாய் என்றால் கப்பல் என்று சொன்னதும், அவர் கிட்ட வந்து தானே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் சொன்னார், "படகை மராமத்துக்கு ஏத்தி வைக்கிறோம்ல, கரையில ஒரு இன்ச் தள்ளணும்னா எத்தனை ஆளு, எத்தனை சத்தம். அதுவே தண்ணியில எறங்கிட்டா ஒரு ஆள் கையில." அந்தக் குறளுக்கு அதைவிட நல்ல உரை நான் கேட்டதில்லை. பெரியவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது குறளை அங்கிருந்து கீழே இறங்கி, தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து.

சக்கரம் ஆளை விட உயரம். அதன் பக்கத்தில் நிற்கும்போது நாமே பொம்மை மாதிரி தெரிவோம், மூன்றாவது படிக்கிற பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். ஆள் சின்னதாக இருக்கிறது என்று யாரையும் இளக்காரமாக நினைக்காதே, அவ்வளவு பெரிய தேர் உருளுவதற்கும் ஒரு சின்ன அச்சாணிதான் வேண்டும் என்று அந்தச் சக்கரத்தைக் காட்டிச் சொன்னால், விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் சின்னவன் வகுப்பில் எல்லோரையும் விடக் குள்ளம், முதல் பெஞ்சு. அவன் ஒன்றும் பேசவில்லை, சக்கரத்தின் நடுவில் அச்சாணி எங்கே என்று மட்டும் ரொம்ப நேரம் தேடினான்.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அங்கே என்ன இருக்கு?

எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அவருக்கு என்று 64-வது குறளைப் பெரியவள் எடுத்து வைத்திருந்தாள்.

அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள்
சிறுகை அளாவிய கூழ்.

ஆடி மாதம் நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அடுப்படியில் நிற்பது ஆயாதான், முப்பது வருடமாக. தன் பிள்ளை சின்னக் கையை விட்டு அளைந்த கூழ் அமிர்தத்தை விட ருசி என்று பேத்தி அர்த்தம் சொன்னதும், "கூழுன்னே எழுதிருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் ஆயா, கடைசி வார்த்தை அதுதான். எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றார். பெரியவள் ஆயாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்துக்கு நேராக நீட்டி, கூ, ழ் என்று காற்றில் எழுத வைத்தாள். ழ் போடும்போது விரல் சுற்றி வருகிறதே, அதை ஆயா இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். வீட்டுக்காரர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கூழ்ப் பானையில் கையை விட்டுச் சுட்டுக்கொண்ட கதையும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாடத்துக்குப் படி ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்களை அவசரப்படுத்தாதீர்கள். முதலில் தேரைச் சுற்றிக் காட்டிவிட்டு, உட்கார வைத்துவிட்டு, அப்புறம் ஒரே ஒரு தடவை மேலே கூட்டிப் போய்வந்தால் போதும்.

காமத்துப்பால் பக்கம் பிள்ளைகள் படிச்சா சங்கடமா இருக்காதா?

இருக்காது. அதில் இருப்பது பெரும்பாலும் பிரிவு, ஏக்கம், ஊடல். 1317-ஐக் காட்டுங்கள்.

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான், அவள் நூறாயுசு என்கிற மாதிரி வாழ்த்துகிறாள், உடனே அதை மாற்றிக்கொண்டு, யார் உன்னை நினைத்ததால் இந்தத் தும்மல் வந்தது என்று அழுகிறாள். சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையில் தட்டுகிறோம் இல்லையா, அதேதான். பெரியவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பம் திரும்பிப் பார்த்து, என்ன குறள் என்று கேட்டு அவர்களும் படித்தார்கள்.

எங்க பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க.

அவர்களுக்குத்தான் இந்த இடம் முதலில். குறளில் ஏழே சீர், மேல் வரியில் நாலு, கீழ் வரியில் மூன்று. ஒவ்வொரு சீருக்கும் ஒரு கைதட்டு. உருவுகண்டு, எள்ளாமை, வேண்டும், உருள்பெருந்தேர்க்கு. நாலு தட்டு. அச்சாணி, அன்னார், உடைத்து. மூன்று தட்டு. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தப்பாகப் படித்தால் அங்கேயே திருத்தாதீர்கள், கூட ஒரு தடவை நீங்கள் சரியாகச் சொல்லுங்கள், போதும். மற்றவர் எதிரில் திருத்தினால் வாயை மூடிக்கொள்ளும்.

ஊஞ்சல், சவாரி மாதிரி ஏதாவது?

அதற்காகப் போகாதீர்கள். ஓடி விளையாட வெளியே இடம் இருக்கிறது.

யார் கட்டினது? ஏன் தேர் மாதிரி கட்டினாங்க?

கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது அவர் எண்ணத்தில் எழுந்தது. கட்டி முடிகிற நேரத்தில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அதனால் அந்த ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது வந்து திறந்து வைத்தபோது அதை உருவாக்கியவர் பதவியில் இல்லை. வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் கடலுக்குள் நிற்கிற 133 அடி வள்ளுவர் சிலையும் அவர் கைவண்ணம்தான், 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. அங்கே பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. கூட்டிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

தேர் திருவாரூர் ஆழித்தேரின் சாயலில் செய்தது. நம் திருவொற்றியூர்ச் சாமியும் தியாகராஜர், திருவாரூர்ச் சாமியும் தியாகராஜர். தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி வருகிற பிள்ளையிடம், தேரடி என்றால் தேர் நிற்கிற இடம், இப்போது நாம் போவது நகராத ஒரு தேரைப் பார்க்க என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. குறள் முதன்முதலாக அச்சில் வந்தது 1812-ல், அதுவும் நம் சென்னையில். அதற்கு முன்னால் எத்தனையோ நூறு வருடம் பனை ஓலையில் கீறி, பூச்சி அரித்ததும் புது ஓலையில் மறுபடி கீறி, கை மாறிக் கை மாறித்தான் வந்திருக்கிறது. அந்த மாடத்தில் நிற்கும்போது, இனி பூச்சி அரிக்க முடியாது என்று மனசுக்கு ஒரு நிம்மதி. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், சுவரில், தூணில் பேரைக் கிறுக்குகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் பேனா, சாவி எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

நாங்கள் புளிசாதமும் நெத்திலி வறுவலும் கட்டிக்கொண்டு போய் வெளியே மர நிழலில் சாப்பிட்டோம். உள்ளே மாடத்தில் வைத்துச் சாப்பிடாதீர்கள். தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள். சாயங்காலம் திரும்பும்போது பீச் ஸ்டேஷனில் எப்படியும் வண்டி மாறத்தான் வேண்டும், அப்படியே எதிர்ப்பக்கம் வந்தால் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், விற்கிற கடைகள். பிள்ளைகளுக்கு அத்தோ, ஆயாவுக்கு வாழைத்தண்டு சூப்.

அவ்வளவு தூரம் இப்போதைக்கு முடியாது. பக்கத்துல ஏதாவது?

ஏழுகிணறு வீராசாமி தெருவுக்குப் போங்கள். வள்ளலார் கைக்குழந்தையாக வந்து 1858 வரை வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. சின்ன வீடுதான், ஒரு மணி நேரம் போதும். அப்படியே கந்தகோட்டம் போய் 'ஒருமையுடன் நினது திருமலரடி' பாட்டை அந்தச் சன்னதியிலேயே நின்று சொல்லலாம், அவர் பாடிய இடமே அதுதான்.

திரும்பி வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குமா?

எல்லாம் இருக்காது. பெரியவளுக்குத் தும்மல் குறள் இருக்கிறது, யார் தும்மினாலும் வருகிறது. ஆயா மறுவாரம் அரிசி புடைக்கும்போது முறத்தில் விரலால் ழ் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் விடியக்காலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிறவர், அப்போது பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள். போன வாரம் அவர் செருப்பைத் தேடிய சத்தத்தில் சின்னவன் பாயில் புரண்டு, கண்ணைத் திறக்காமலே "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்றான். இவர் டீ பிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று, "கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்று முடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.